மாப்பிள்ளை அனுப்பிய மீன்கள்

என் தங்கை கணவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், மவுஸைத் தொட மாட்டார் என்று சொல்வேன். மூன்றாவதைச் சொல்ல மறந்தால் அவரே எடுத்துக்கொடுப்பார். மவுஸ் பிடிக்கிறவர்கள் எல்லாம் அவர் கணக்கில் கைநாட்டுப் பேர்வழிகள். கம்ப்யூட்டர் என்றால் கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து, ஒரு வரி தட்டி என்டர். அதற்கு மேல் படம், பொத்தான், வண்ணம் என்று போனால் அது குழந்தைகள் விளையாடுகிற சாமான்.

அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் சர்வர் அறையில் வேலை பார்க்கிறார். நான் பல் செட் செய்கிறவன். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். மெழுகில் பல்லை அடுக்கி, அக்ரிலிக்கில் வார்த்து, தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பேன். என் வேலையைப் பற்றி மாப்பிள்ளை இன்றுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. அவர் வேலையைப் பற்றி எனக்குத் தெரியாதது என்று எதுவும் பாக்கியில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருக்கிறது.

அதிலும் அந்த மெயில் பிரசங்கம் இருக்கிறதே, அது தனி.

"மத்தவங்க என்ன பண்றாங்க மச்சான்? ஒரு பக்கத்தத் திறந்து, அது வர்ற வரைக்கும் கொட்டாவி விட்டு, கிளிப் படத்தத் தேடி அமுக்கி, கோப்பு எங்க இருக்குன்னு துழாவி... ஒரு மெயிலுக்கு அரை நாள். நமக்கு ஒரே வரி."

அந்த ஒரு வரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மெயில் என்று தட்ட வேண்டும். சின்னக் கோடு போட்டு 'எஸ்', அப்புறம் தலைப்பு. சின்னக் கோடு போட்டு 'ஏ', அப்புறம் இணைக்க வேண்டிய கோப்பின் பெயர். இன்னொரு கோப்பு இருந்தால் இன்னொரு 'ஏ'. பிறகு யாருக்குப் போக வேண்டுமோ அவர் முகவரி. கடைசியாக, திறந்த வாய் மாதிரி ஒரு குறி போட்டு, முன்பே எழுதி வைத்த கடிதத்தின் கோப்புப் பெயர். என்டர் தட்டினால் கடிதமும் இணைப்பும் கைகோத்துக்கொண்டு போய்விடும்.

"போய்ச் சேந்துச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று ஒருமுறை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மாப்பிள்ளை கரண்டியைக் கீழே வைத்தார். "அதான் மச்சான் இதோட அழகு. நல்ல புரோகிராம் வேலைய ஒழுங்கா முடிச்சா வாயத் திறக்காது. தப்பு நடந்தாத்தான் பேசும். உங்க ஆளுங்களோடதுதான் வெற்றிகரமா அனுப்பப்பட்டதுன்னு டிக் போட்டு, பலூன் விட்டு, கை தட்டி..."

'உங்க ஆளுங்க' என்றால் மவுஸ் பிடிக்கிற மனித குலம் மொத்தமும். நான் மோரை ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

இதெல்லாம் அவரோடு நின்றிருந்தால் எனக்கென்ன வந்தது. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு மெயில் போதும் என்று அவர் சட்டம் போட்டிருந்தார். தங்கை கல்யாணத்துக்கு முன் வைத்திருந்த மெயில் கணக்கை, "அதுல எழுதினா ஊரே படிக்கும்" என்று சொல்லி மூட வைத்தார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத் தோழிக்கு வாழ்த்துச் சொல்வதானாலும், கேஸ் கம்பெனிக்குப் புகார் கொடுப்பதானாலும், அவள் ஒரு தாளில் எழுதி அவரிடம் நீட்ட வேண்டும். அவர் தன் முகவரியிலிருந்து அனுப்பிவைப்பார். ராஜா ஓலை அனுப்புகிற தோரணை அப்போது முகத்தில் வந்துவிடும்.

தங்கை படம் வரைகிறவள். பூ, பொம்மை, சூரிய உதயம் அல்ல. விலங்கியல் புத்தகங்களுக்கு எலும்பு, சிப்பி, மீன். கறுப்பு மையில் புள்ளி புள்ளியாக வைத்து வரைவாள். நிழல் வேண்டிய இடத்தில் புள்ளி நெருங்கும், வெளிச்சம் வேண்டிய இடத்தில் விலகும். ஒரு மீனுக்கு முதுகுத் துடுப்பில் எத்தனை முள் இருக்கிறதோ அத்தனைதான் படத்திலும் இருக்க வேண்டும். ஒன்று கூடினால் அது வேறு மீன். விடிந்ததும் மீன் சந்தைக்குப் போய், செதில் உதிராத மீனாகப் பொறுக்கி வாங்கி வருவாள். அதைத் தெர்மகோல் அட்டையில் படுக்க வைத்து, துடுப்புகளை விரித்து ஊசி குத்தி, அது விறைத்த பிறகு அளந்து வரைவாள். ஊசியும், பல் குடைகிற மெல்லிய கம்பியும், பூதக்கண்ணாடி வைத்த விளக்கும் என் பட்டறையிலிருந்து கொடுத்தவை. மாப்பிள்ளைக்கு நாற்றம் ஆகாது. அவள் பின்பக்க பால்கனியில் வரைவாள், அவர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார்.

இயற்கை அருங்காட்சியகத்தின் மீன் பிரிவுக்கு ஓவியர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. நிரந்தர வேலை. தங்கை என்னைத்தான் முதலில் கூப்பிட்டாள். 

"அண்ணா, இந்த வேலைக்கு மேல எனக்கு எதுவும் வேண்டாம். இது கெடச்சாப் போதும்."

சில படங்களையும் கூடவே ஒரு கடிதத்தையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி. படங்களை அவள் ஏற்கெனவே ஸ்கேன் எடுத்து வைத்திருந்தாள். கடிதத்துக்குத்தான் நாள் பிடித்தது. எந்த மீன் எங்கே பிடிபட்டது, என்ன நீளம், எதை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்து வரைந்தது, எது புதுசு, எது ஐஸில் கிடந்தது என்று எல்லாவற்றையும் எழுதினாள். போனில் எனக்குப் படித்துக் காட்டினாள். எனக்கு மீனைப் பற்றி ஒரு இழவும் தெரியாது. இருந்தாலும் கேட்டு முடித்தபோது, இவளை வேலைக்கு எடுக்காவிட்டால் அந்த அருங்காட்சியகத்தில் இருப்பவர்களுக்குக் கண் அவிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு மாப்பிள்ளையிடம் கொடுத்தாள். அவர் ஆபீஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில், ஷூவை மாட்டிக்கொண்டே உட்கார்ந்தார். இவள் பின்னால் போய் நின்றாள்.

"பின்னாடி நிக்காத. எனக்குக் கை ஓடாது."

இவள் சமையலறைக்குப் போய்விட்டாள். படபடவென்று கீபோர்டு சத்தம். பிறகு நாற்காலி நகர்கிற சத்தம்.

"போயிடுச்சு."

"காட்டுங்களேன், ஒரு தடவை பாத்துக்கறேன்."

"என்னத்தப் பாக்கணும்? போயிடுச்சுன்னா போயிடுச்சுதான். என்னை நம்பலையா?"

நம்பினாள். வேறு என்ன செய்வாள்.

பதில் வரவில்லை. ஒரு வாரம் போனது, இன்னொரு வாரம் போனது. போன் செய்து கேட்கட்டுமா என்றாள். வேண்டாம், கெஞ்சுகிற மாதிரி இருக்கும் என்றார் மாப்பிள்ளை. எடுத்தவர்களுக்கு மட்டும்தான் இப்போதெல்லாம் தகவல் சொல்வார்கள், மற்றவர்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னார். பிறகு அந்த வேலைக்கு யாரோ ஒரு பையனை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அருங்காட்சியகத்தின் அறிவிப்பிலேயே பெயர் போட்டிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தங்கை ஒரு வாய்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார். மனிதர் ஆறுதல் சொல்லி நான் பார்த்தது அன்றுதான். இனிமேல் பார்க்க வேண்டாம்.

"போட்டி அதிகம் மச்சான். சும்மா சொல்லக் கூடாது, இவ நல்லாத்தான் வரையறா. வீட்டு அளவுக்கு நல்லாருக்கு. ஆனா மியூசியம்னா அது வேற லெவல். நானும் பாத்தேனே, அந்த மீன்ல ஒரு உயிர் இல்ல."

"அது செத்த மீன் மாப்பிள்ள" என்றேன்.

"அதச் சொல்லல. பாக்கறப்ப நீந்தற மாதிரி இருக்கணும்ல. இவ எண்ணி எண்ணி வைக்கறா. எண்ணிக்கைல கலை வராது. அவங்களுக்கும் அது தெரிஞ்சிருக்கும். அதான் எடுக்கல. இதுல வருத்தப்பட ஒண்ணுமில்ல, நம்ம அளவு நமக்குத் தெரிஞ்சுடுச்சு."

தட்டை எடுத்து அவர் தலையில் கவிழ்க்கலாமா என்றுதான் இருந்தது. தங்கையைப் பார்த்தேன். அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.  வேறு யாராவது சொல்லியிருந்தால் மல்லுக்கு நின்றிருப்பாள். வேலை கிடைக்காத பிறகு சொன்னதால், அந்த ஆள் சொல்வதிலும் ஏதோ இருக்கிறது என்று நினைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் மைக்கூட்டைத் திறக்கவில்லை. தெர்மகோல் அட்டை குப்பைக்குப் போனது. மாப்பிள்ளை தன் நண்பரின் ஸ்டேஷனரி கடையில் பில் போடுகிற வேலை ஒன்றை ஏற்பாடு செய்தார். அங்கே மவுஸ் பிடிக்க வேண்டியிருக்குமே என்று அதற்கும் வருத்தப்பட்டுக்கொண்டார். திங்கட்கிழமை சேர வேண்டும் என்று முடிவானது.

"வரையற மேசைய நீ எடுத்துட்டுப் போ அண்ணா. உன் பட்டறைக்கு ஆகும். இங்க துணி மடிச்சு வைக்கத்தான் இருக்கு" என்று போன் செய்தாள்.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு போனேன்.

நான் போன காலையில் அவர்கள் வீட்டில் பழைய வயரிங்கை எடுத்துவிட்டுப் புதுசு போட எலக்ட்ரீஷியன் வந்திருந்தார். மெயின் சுவிட்சையும் பேட்டரி இணைப்பையும் அணைக்காமல் தொட முடியாது என்று சொல்லிவிட்டார். அணைத்தால் மாப்பிள்ளையின் கம்ப்யூட்டரும் நிற்க வேண்டும். அதற்காக மாப்பிள்ளை ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தார். தங்கைக்குக் காய்ச்சல் வந்தபோது லீவு கிடைக்காத அதே ஆபீஸ்.

"இந்த வீட்டுக்கு வந்ததுலேந்து இத ஒரு தடவகூட அணைச்சதில்ல மச்சான். ஊர்ல எத்தனை தடவை கரண்ட் போயிருக்கு. பேட்டரில ஓடும், நிக்காது" என்றார். கண் கலங்காத குறை.

அவருடைய கறுப்புத் திரையில் ஒரே நேரத்தில் பல ஜன்னல்கள் திறந்திருக்கும், ஒன்றன் பின் ஒன்றாக மறைந்திருக்கும். ஒரு விசையைத் தட்டினால் அடுத்தது வரும். எதையும் மூட மாட்டார், அது இன்னொரு பெருமை. இப்போது ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, விளக்கம் சொல்லி, மூடிக்கொண்டிருந்தார். நான் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். என்னை நிற்காதே என்று சொல்லவில்லை, கேட்க ஆள் வேண்டுமல்லவா. தங்கை டீ டம்ளர்களோடு கதவருகே நின்றாள்.

"இது ஆபீஸ் சர்வரப் பாக்கறது. மூடிடலாம். இது நேரம் காட்டறது. போகட்டும். இது சும்மா."

ஒவ்வொரு ஜன்னலிலும் கடைசி வரியில் ஒரு டாலர் குறி நின்றது. முந்தைய வேலை முடிந்தது, அடுத்த கட்டளைக்குத் தயார் என்று அதற்குப் பொருள். அதையும் எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான்.

"சார், ஆஃப் பண்ணலாமா?" என்று எலக்ட்ரீஷியன் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"ரெண்டு நிமிஷம்" என்று அடுத்த ஜன்னலைத் தட்டினார்.

அதில் டாலர் குறி இல்லை. மேலே ஒரே ஒரு நீள வரி. மெயில், கோடு எஸ், 'மீன் பிரிவு ஓவியர் பணிக்கு விண்ணப்பம்'. பிறகு வரிசையாகக் கோடு ஏ, ஒவ்வொரு ஏவுக்கும் பக்கத்தில் ஒரு மீனின் பெயர். கடைசியில் அருங்காட்சியகத்தின் முகவரி. அதோடு வரி முடிந்துவிட்டது. திறந்த வாய்க் குறியும் இல்லை, கடிதத்தின் பெயரும் இல்லை. கீழே வெற்று வரியில் கர்சர் மட்டும் மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் விரல் மூடுகிற விசைக்குப் போனது.

"மூடாதீங்க" என்றாள் தங்கை. டம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். "இது என் மெயில்தானே?"

"ம்."

"போயிடுச்சுன்னு சொன்னீங்களே. ஏன் இன்னும் இங்க நிக்குது?"

அவர் தொண்டையைச் செருமினார். "அது வெயிட் பண்ணிட்டிருக்கு."

"எதுக்கு?"

"கடிதத்துக்கு. கடிதக் கோப்பு குடுக்கலன்னு வச்சுக்க, நம்மளே டைப் பண்ணப் போறோம்னு நெனச்சு அப்படியே காத்துட்டிருக்கும். முடிஞ்சுதுன்னு சொன்னாத்தான் அனுப்பும். அதோட டிசைனே அப்படி. இதுல புரோகிராம் மேல தப்பு சொல்ல முடியாது."

புரோகிராம் மேல் யார் தப்பு சொன்னது. இந்த ஆளுக்கு அந்த நேரத்திலும் அதன் மானம்தான் முக்கியமாகப் பட்டது.

"நான்தான் கடிதம் குடுத்தேனே" என்றாள் தங்கை.

"குடுத்த."

"அப்புறம்?"

"நான் சேக்கல."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்காமல் நின்றால் சில பேர் தாமாகவே எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். மாப்பிள்ளை அந்த ரகம்.

"படம்தானே முக்கியம். அந்த மீன் எங்க வாங்குனது, இந்த மீன் ஐஸ்ல கெடந்ததுன்னு ரெண்டு பக்கம்... யாரு உக்காந்து படிப்பா? வெறும் பொம்பளப் பேச்சா நெனச்சுடுவாங்களோன்னு பட்டுச்சு. உன் நல்லதுக்குத்தான் விட்டேன். அவசரத்துல டாலர் வந்துச்சான்னு மட்டும் பாக்கல."

அந்தக் கடிதத்தைச் சேர்த்திருந்தால் மெயில் அன்றைக்கே போயிருக்கும். அவள் எழுதியதைத் தேவையில்லை என்று இவர் உதறினார். எழுதினால்தான் போவேன் என்று அது உட்கார்ந்துகொண்டது. வாழ்நாள் முழுக்க இவர் புகழ்ந்த புரோகிராம் இவரைவிட யோக்கியமாக நடந்துகொண்டது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. இப்படிப்பட்ட ஒரு ஆளிடம் இவளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, விருந்துக்கு வேறு கூப்பிட்டுக்கொண்டிருந்தோமே என்று அருவருப்பாக இருந்தது.

தங்கை திரையைத் தொடுகிற தூரத்தில் குனிந்து, மீன் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"அப்போ அங்க யாரும் என் படத்தப் பாக்கவே இல்ல" என்றாள்.

"அதான் சொல்றேனே, போகல..."

"பாத்தது நீங்க ஒருத்தர்தான்."

மாப்பிள்ளை கீபோர்டில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"நல்லால்லன்னு சொன்னதும் நீங்க ஒருத்தர்தான்" என்றாள்.

அவள் குரலை உயர்த்தவில்லை. கணக்குச் சரிபார்க்கிற மாதிரிதான் சொன்னாள். மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. "ஆறுதலுக்குச் சொன்னேன்மா" என்று முனகினார். பிறகு, ஏதாவது செய்தால் இந்தப் பேச்சு நின்றுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, சட்டென்று இரண்டு விசைகளைச் சேர்த்து அமுக்கினார். எழுதி முடித்தாயிற்று, அனுப்பு என்று அதற்குச் சொல்கிற முறை அது.

புரோகிராம் முதல்முறையாக வாயைத் திறந்தது. கடிதம் காலியாக இருக்கிறது, பரவாயில்லை என்று நம்புகிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போட்டது. அவளுக்குப் பரவாயில்லையா என்று அந்த வீட்டில் யோசித்தது அது ஒன்றுதான். கீழே டாலர் குறி வந்தது.

"இதோ. இப்பப் போயிடுச்சு" என்றார் மாப்பிள்ளை. அந்தக் குரலில் சாதித்துவிட்ட தோரணை மறுபடி எட்டிப்பார்த்தது.

"சார், மெயின ஆஃப் பண்றேன்" என்றார் எலக்ட்ரீஷியன். பண்ணியும்விட்டார். திரை இருண்டது.

அன்று பகல் முழுவதும் ஃபேன் இல்லாமல் புழுங்கித் தள்ளியது. தங்கை பால்கனிக்குப் போய் மேசைமேல் இருந்த துணிகளை இறக்கி வைத்துவிட்டு, பரணில் கட்டிப் போட்டிருந்த படங்களை எடுத்து விரித்தாள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தாள். தப்புத் தேடுகிறாள் என்று புரிந்தது. நான் குறுக்கே போகவில்லை. வேன்காரரை மட்டும் திருப்பி அனுப்பினேன்.

மாப்பிள்ளை கூடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். வேறு வேலையில்லை, கரண்ட் இல்லையே. அந்த மெயில் புரோகிராமை எழுதியவர்கள் ஏன் அப்படி வைத்தார்கள், காத்திருப்பது எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு என்று விளக்கினார். நானும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன்.

"மாப்பிள்ள, நான் ஒரு செட் பல் அனுப்பினா, வாய்ல சரியா உக்காந்துச்சான்னு டாக்டருக்குப் போன் போட்டுக் கேப்பேன். யாருன்னே தெரியாத கிழவரோட வாய்க்கு. நீங்க பொண்டாட்டிக்கு அதச் செய்யல."

"அது வேற மச்சான், இது வேற" என்றார்.

ஆமாம், வேறுதான். அந்தக் கிழவர் மேல் எனக்கு அக்கறை இருந்தது. சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார்.

சாயங்காலம் வயரிங் முடிந்தது. விளக்கு எரிந்ததும் மாப்பிள்ளை ஓடிப்போய் கம்ப்யூட்டரை உயிர்ப்பித்தார். நாங்கள் பால்கனியில் இருந்தோம். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார். போனால், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் சிரிப்பு.

"பதில் வந்திருக்கு. மீன் பிரிவுத் தலைவியே எழுதியிருக்காங்க" என்று படிக்க ஆரம்பித்தார். "மதிப்பிற்குரிய ஐயா..."

நிறுத்தி எங்களைப் பார்த்தார். "என்னை ஆர்ட்டிஸ்ட்னு நெனச்சுட்டாங்க. என் அட்ரஸ்லேந்து போச்சுல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வெட்கம் பேருக்குக்கூட இல்லை. அந்த 'ஐயா' அவருக்கு இனித்தது. பிறகு முழுவதையும் படித்தார். பணியிடம் நிரம்பிவிட்டது, வருந்துகிறோம். ஆனால் படங்களைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அலுவலகத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆற்று மீன்கள் பற்றி ஒரு நூல் தயாராகிறது, அதற்கு முழுக்க நீங்களே வரைந்து தர முடியுமா? ஒரே ஒரு குறை. மீன்கள் எங்கே பிடிபட்டவை, என்ன அளவு என்று எந்தக் குறிப்பும் இல்லை, கடிதமும் இல்லை. இவ்வளவு நுட்பமாக வரைகிற நீங்கள் அதை எப்படி விட்டீர்கள்? தயவுசெய்து போனில் பேசவும். கீழே எண் இருந்தது.

தங்கை சுவரில் சாய்ந்துகொண்டாள். 

"பாத்தியா, நான் அனுப்பினது வீண் போகல" என்றார் மாப்பிள்ளை. கையைச் சொடுக்கிக்கொண்டு கீபோர்டை இழுத்தார். "இரு, நானே விளக்கமா ஒரு பதில் போட்டுடறேன். என் மனைவிதான் வரைவாங்க, நான் ஒருங்கிணைக்கறேன்னு..."

"வேண்டாம்" என்றாள் தங்கை. திரையைப் பார்த்து எண்ணைத் தன் போனில் அழுத்தினாள். நின்றுகொண்டேதான் பேசினாள். மறுமுனையில் இருந்த அம்மாவுக்கு வகுப்பெடுக்கிற குரல், எங்கள் மூவருக்கும் கேட்டது.

"மீன் படம் சம்பந்தமாக் கூப்பிடறேங்க."

"ஓ, நல்லதும்மா. ஐயாகிட்ட குடுங்களேன், அவர்கிட்டதான் பேசணும்."

மாப்பிள்ளை சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கையை நீட்டினார்.

"ஐயா யாரும் இல்லைங்க. அந்த மீனெல்லாம் வரஞ்சது நான்" என்றாள் தங்கை. "கடிதமும் எழுதினேன். இப்பவே படிச்சுக் காட்டட்டுங்களா?"

 அந்த அம்மா, "மன்னிச்சுக்கம்மா, எனக்குத் தெரியல. படிம்மா, எழுதிக்கறேன்" என்றார். காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "அது சரி, மெயில்ல ஒரு ஆம்பளைப் பேரு இருந்துச்சே. அது யாரு?"

தங்கை திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"அதுவா? இங்க வீட்ல இருக்கறவர் ஒருத்தர்" என்று சொல்லிவிட்டு, கடிதத்தைப் படிக்கப் பால்கனிக்குப் போனாள்.